துப்பாக்கி மனுவும் உன் ஆட்சேபனையும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. மருத்துவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது, மூன்று பிரதிகளுடன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சான்றிதழ் எதுவும் தேவைப்படாமலே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன், அதுவும் அடுத்த தெருவில் இருப்பவன், திடீரென்று கடிதம் எழுதுகிறானே என்று நீ முகத்தைச் சுளிக்கலாம். நேரில் வந்தால் நிலத்து வேலியில் ஆரம்பித்து வேலியிலேயே சண்டையை முடிப்போம். அதனால்தான் காகிதம்.

நான் துப்பாக்கிக்கு மனு போட்டது உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் ஏன் போட்டேன் என்று என்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதனால் இப்போது நான் சொல்கிறேன். உன் அண்ணி இறந்துபோன மறு வருடம், அதாவது மூன்று வருடத்துக்கு முன், காட்டுப்பன்றிகள் என் மக்காச்சோளத்தைப் பாதிக்கு மேல் உழுதுவிட்டுப் போயின. துப்பாக்கி உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் கேட்டால், பன்றி வந்ததற்கு வனக்காவலர் சான்று வேண்டும், அவர் பன்றியைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். அவருக்கு வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து. பன்றிகளுக்கு அந்த நேரம் ஒத்துவரவில்லை. கடைசியில் அவர் குளம்புத் தடத்தைப் பார்த்து மனம் இரங்கிக் கையெழுத்துப் போட்டார். மனுவைக் கொடுத்தேன், மூன்று வருடம் ஓடிவிட்டது. அன்றைக்குக் குட்டியாக இருந்த பன்றி இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும். தாமதத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, தம்பி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஆவண அறையில் இருந்தவன் நான், எத்தனை பேரை "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பியிருப்பேன்! ஒரு விதவை ஒரே ஒரு நகலுக்காகப் பதினோரு தடவை நடந்தாள். இப்போது வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்த அம்மாள் செருப்பின் வார் அறுந்திருந்தது ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு அது எனக்குக் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

படிவம் பதினான்கு பக்கம். இருபத்தேழாவது கேள்வி, மனநலத்துக்காகச் சிகிச்சை பெற்றதுண்டா என்பது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடியில் கொட்டை எழுத்தில் 'விவரங்கள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்' என்று இருந்தது. நான் அதை நம்பினேன், ஏனென்றால் நான் அப்படித்தான் பாதுகாத்தேன். யார் உயிலில் யார் பெயர் விட்டுப்போயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியும், உன் அண்ணி எத்தனை தடவை கிண்டிக் கேட்டும் வாய் திறந்ததில்லை. ஆகவே உள்ளதை எழுதினேன்: மனைவி இறந்தபின் தூக்கம் வராமல் மருத்துவரைப் பார்த்தேன், ஏழு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், இப்போது இல்லை. பெற்ற மகளிடம்கூடச் சொல்லாததை அரசாங்கத்திடம் சொன்னேன், அது கட்டம் போட்டுக் கேட்டதால்.

போன மாதம், நிலுவையில் எத்தனை மனுக்கள் இருக்கின்றன என்று மக்களுக்குத் தெரியட்டும் என மேலிடத்து உத்தரவு வந்ததாம். எண்ணிக்கையை மட்டும் இணையத்தில் போடச் சொன்னால், யாரோ மொத்தப் பட்டியலையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்: பெயர், முகவரி, கைபேசி எண், இருபத்தேழாவது கேள்விக்கான பதில் உட்பட. பதினோரு நாள் அது அப்படியே கிடந்தது. முதல் நாளே துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி விற்கிறவன் கூப்பிட்டான், அடுத்த நாள் மெத்தைக் கடைக்காரர் "தூக்கம் வரலைன்னா நம்மகிட்ட வாங்க சார்" என்றார். என் வாசலை மறித்து வண்டி நிறுத்தும் எதிர்வீட்டுக்காரர் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். முடி திருத்துகிறவர், நாற்பது வருடமாக நான் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசியவர், எல்லாவற்றுக்கும் "சரிங்க, நீங்க சொன்னா சரிங்க" என்கிறார், கத்தியை மட்டும் என் கழுத்துப் பக்கமே கொண்டு வருவதில்லை. இல்லாத துப்பாக்கிக்கே இவ்வளவு மரியாதை! சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மகள் தொலைபேசியில் கூப்பிடும் வரைக்கும்.

"அப்பா, ஏழு மாசம் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு..."

"இப்ப மட்டும் பயப்படலையா? பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் அழுததை இங்கே எழுதவில்லை. மறுநாள் காலை சண்டை போடுவதென்றே அலுவலகம் போனேன். அந்தப் பிரிவில் ஒரே ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், அவர் கேட்டுக்கொண்டார்.

"சார், இங்க அஞ்சு பேர் இருக்கணும். நான் ஒருத்திதான் இருக்கேன். மத்த நாலு நாற்காலியிலயும் ஃபைல்தான் உக்காந்திருக்கு. பட்டியலை நான் போடல, ஆனா திட்டு வாங்குறது நான்தான். நீங்களும் திட்டிக்கோங்க."

அதற்குமேல் எப்படித் திட்டுவது? கண்ணாடி நெற்றியில் இருப்பதைச் சொன்னேன். அதற்கு நன்றிக்கடனோ என்னவோ, என் கோப்பைப் பிரித்தார்.

"உங்க மேல ஒரு ஆட்சேபனை வந்திருக்கு சார். ரகசியம். யார் எழுதினதுன்னு நான் சொல்லக்கூடாது." பக்கத்தைப் புரட்டினார். "உங்க தம்பி கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, தம்பி. நாலடி நிலத்துக்காக அண்ணன் தன்னைச் சுட்டுவிடுவான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான் பார் என்று நினைத்தேன். கோப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அந்த அம்மாள் தேநீர் குடிக்கப் போய்விட்டார். படித்தது தப்பு. உன் ரகசியத்தை நான் படித்தேன், அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "என் அண்ணனால் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை" என்றுதான் நீ ஆரம்பித்திருந்தாய். "அண்ணி போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. வயலில் நின்று தனியாகப் பேசுகிறார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறேன், கூப்பிடத்தான் வாய் வரவில்லை. அவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கி வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே அண்ணன்."

உட்காரலாம் என்றால் நாற்காலிகளில் கோப்புகள். நின்றுகொண்டே இரண்டாவது தடவையும் படித்தேன். நான் தனியாகப் பேசவில்லை, பன்றிகளைத்தான் திட்டுகிறேன் என்று உனக்கு எழுத நினைத்தேன். அது முழு உண்மை இல்லை. பன்றியை மட்டும் இல்லை. உன் அண்ணி இருந்திருந்தால் இந்த வேலிச் சண்டையை அரை நாளில் முடித்திருப்பாள், அதைத்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் திரும்பி வந்ததும், "மனுவை வாபஸ் வாங்கிக்கிறேம்மா" என்றேன்.

"அதுக்குத் தனி வரிசை சார். ரெண்டு வருஷம் ஆகும்."

ஆகட்டும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பன்றிக்கு முள்கம்பி கட்டிக்கொள்ளலாம். ஆகையால் நீ எதற்கும் பதற வேண்டாம், ஓடி வரவும் வேண்டாம். என் எழுபதாவது வயது வரைக்கும் அந்தக் கோப்பு நகராது. வேலியைப் பற்றிச் சாவகாசமாக ஒரு நாள் பேசலாம், அவசரமே இல்லை.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், எந்தப் படிவத்திலும் மாட்டாமல், மனதில் இருப்பதை வீட்டு மனிதர்களிடம் முதலில் சொல்கிறவர்களாக வளரட்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். எனக்கு உரிமம் கொடுத்துவிட்டார்களாம்! அந்த அம்மாளுக்குத் தொலைபேசி செய்தேன். மனு ஒரு மேசை, உன் ஆட்சேபனை வேறு மேசை, அது நானூற்றுப் பதினாறாவதாக நிற்கிறதாம். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் குடும்பத்தில் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். எனவே அவசரமில்லை, வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அந்தக் காகிதத்தோடு தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை, உன் கதவுக்கு அடியில்தான் தள்ளியிருக்கிறேன். படித்து முடித்திருந்தால் கதவைத் திற. வெளியேதான் நிற்கிறேன்.