என் கன்னத்தை யாரும் உரிக்க முடியாது

உயிரே போனாலும் என் கன்னத்தை உரிக்க விடமாட்டேன் என்று அன்று காலை பல் தேய்க்கும்போது தீர்மானம் செய்தேன். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் தீர்மானம். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில், ஜன்னலோரம், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெயில் பட்டுப் பட்டு ஜன்னல் பக்கக் கன்னத்தில் மட்டும் மங்கு படர்ந்து கறுத்துவிட்டது. எனக்கு அது உழைப்பின் முத்திரை. என் மனைவிக்கு அது துடைக்காமல் விட்ட கறை. அன்று நான் பல் தேய்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்:

"தோல் டாக்டர்கிட்ட உங்க பேரைக் குடுத்துட்டேன். சனிக்கிழமை அஞ்சு மணி. ஏதோ மருந்து தடவி மேல்தோலை லேசா உரிப்பாங்களாம்."

"உரிக்க நான் என்ன வெங்காயமா?" என்றேன், நுரையைத் துப்பிவிட்டு.

"வெங்காயம்னா அழுகை வரும். உங்களைப் பாத்தா சிரிப்புதான் வருது."

"என் மூஞ்சி எனக்குப் போதும்!"

"தினம் அதைப் பாக்கறது யாரு? நான்தானே?"

இதற்கு மேல் வாதம் செய்தால் தோற்றுவிடுவேன் என்பதால் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஆனால் தீர்மானத்தை விடவில்லை. சனிக்கிழமை சரியாக நாலரைக்குக் கிளம்பினேன். நேராக டயர் கடை நண்பரிடம் போய் கேரம் ஆடினேன். திரும்பும்போது அவர் கடைக் குழாயில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொண்டேன்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள்.

"வாராவாரம் வரணுமாம். அப்புறம், வெயிலே படக்கூடாதாம்."

"அப்போ மார்க்கெட்?"

"நினைச்சுக்கூடப் பாக்காதே."

"மாடியில துணி காயப்போடறது?"

"அங்கதான் வெயில் நேரா அடிக்குது!"

"சரி, சமையலாவது செய்யலாமில்ல?"

"அடுப்புச் சூடு பட்டா மங்கு ரெட்டிப்பாயிடுமாம்."

"கார்ல மட்டும் வெயில் படாதா?"

"கண்ணாடிக்குத் திரை போட்டாச்சு."

"ஐயோ பாவம்" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக என்னைப் பார்த்து ஐயோ பாவம் சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

உஷாராகவில்லை. ராஜாவாக வாழ்ந்தேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட் போனாள். நான் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிப் படுத்து, நோயாளியின் பொறுமையோடு காபி கேட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேரம். ஒவ்வொரு சனிக்கிழமையும் குழாயடி.

நாலாவது சனிக்கிழமை வீடு திரும்பினால் கதவு பூட்டியிருந்தது. வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, குடை. முகம் முழுக்கப் பளபளவென்று களிம்பு.

"எங்க போயிட்டு வர்றே?"

"உங்க டாக்டர்கிட்டதான்."

குழாயடியில் தேய்த்துச் சிவக்க வைத்த கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

"முதல் வாரமே போன் பண்ணி, 'உங்க வீட்டுக்காரர் வரலையே'ன்னாங்க. என் பேரை எழுதிக்கச் சொல்லிட்டேன். மூணு வாரம் க்ரீம் போட்டுத் தோலைத் தயார் பண்ணச் சொன்னாங்க. இன்னிக்கு உரிச்சாச்சு. எனக்கும்தான் ரெண்டு கன்னத்துலயும் மங்கு, பெரிய பொண்ணு பொறந்ததுலேர்ந்து. ஒரு நாள் என்னன்னு கேட்டிருப்பீங்களா?"

கேட்டதில்லை. பார்த்ததுகூட இல்லை. பத்தொன்பது வருஷமாக எதிரே இருக்கும் முகம், அதில் பதினேழு வருஷமாக மங்கு. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அதற்காகத் தோல்வியை ஒப்புக்கொள்ள முடியுமா?

"என்ன ஆனாலும் என் கன்னத்துல ஒருத்தனும் கை வைக்கல. நான் சொன்னா சொன்னதுதான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ரொம்ப சந்தோஷம். அப்போ உங்க தோல் கெட்டியாத்தானே இருக்கு" என்று கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

படித்தேன். வெயில் கூடாது. அடுப்புச் சூடு கூடாது. கீழே டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும்.

"நீங்க சொன்னதையே எழுதியிருக்காங்க, பாருங்க. நான் வேற, நீங்க புளுகறீங்கன்னு நினைச்சுட்டேன்" என்றவள், கதவைத் திறந்து உள்ளே போய் மார்க்கெட் கூடையைக் கொண்டுவந்து என் கையில் மாட்டினாள்.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை உரிக்கணுமாம். இன்னிக்குத்தான் முதல் தடவை."