மோட்டாரிடம் மன்னிப்புக் கேட்டவள்

ஒரு வீட்டில் யாருக்கு வேலை அதிகமோ, அவர் கையில்தான் இருப்பதிலேயே மட்டமான போன் இருக்கும். எங்கள் வீட்டில் அது நான்.

என் வீட்டுக்காரர் தோஹாவில் வேலை பார்க்கிறார். அவரிடம் இருப்பது நல்ல போன். அதில் அவர் செய்யும் வேலை, "சாப்டியா?" என்று கேட்பது. நான் காலையில் சமைத்து, மகள் யாழினியைப் பள்ளிக்கு அனுப்பி, திருக்காட்டுப்பள்ளி பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தஞ்சாவூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, இடையில் வயலையும் பார்ப்பவள். உரம், ஆள், தண்ணீர், பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் என் போன் வழியாகத்தான் நடக்கும். அந்தப் போன் கடையிலேயே விலை குறைந்தது. (பார்த்துப் பார்த்து வாங்கியது நான்தான். "எனக்கு எதுக்குங்க பெரிய போன்" என்று அன்றைக்கு ஒரு வசனம் வேறு பேசினேன்.)

போனுக்கு மூன்று வியாதிகள். ஒன்று, உள்ளே இடமே கிடையாது. சொந்தக்காரர்கள் அனுப்பும் காலை வணக்க ரோஜாப்பூக்கள் அதை முழுதாகக் குத்தகைக்கு எடுத்திருந்தன. இரண்டு, வண்டியிலிருந்து ஒருமுறை கீழே விழுந்ததில் திரையின் மேல்பகுதி மை கொட்டியதுபோல் கறுத்துவிட்டது. யாரை அழைக்கிறோம், யாருக்கு மெசேஜ் அடிக்கிறோம் என்ற பெயர் வருவது சரியாக அந்த இடத்தில்தான். மூன்று, அதே விழுதலில் வந்தது. பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் அதற்கு மேலே உள்ள பெயருக்குப் போகும். மோகனா மிஸ்ஸை அழைக்க வேண்டுமானால் அதற்குக் கீழே இருக்கும் "மோட்டார்" என்பதைத் தொட வேண்டும். மோட்டாருக்கு அதற்கும் கீழே இருக்கும் "மோர்க்கார அக்கா". மோர்க்கார அக்காவை நான் அழைப்பதையே விட்டுவிட்டேன்.

மோட்டாரை எதற்கு அழைப்பது என்று கேட்பீர்கள். எங்கள் வயல் போர்வெல்லில் ஒரு செல்போன் ஸ்டார்ட்டர் உண்டு. போன லீவில் என் வீட்டுக்காரர் மாட்டிவிட்டுப் போனது. அதற்குள் ஒரு சிம் இருக்கிறது. நாம் கூப்பிட்டால் இரண்டு ரிங் அடித்துக் கட் ஆகும், மோட்டார் ஓடும். மறுபடி கூப்பிட்டால் அதேபோல் கட் ஆகும், மோட்டார் நிற்கும். காசு செலவில்லாமல் மிஸ்டு காலிலேயே விவசாயம். பாம்பு பூச்சிக்குப் பயந்து இருட்டில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை என்று அதை நான் தெய்வமாகவே மதித்தேன்.

தை மாதம். சம்பா முற்றி, தலை சாய்த்து நின்றது. அறுப்புக்காகத் தண்ணீரை நிறுத்தி நாளாகி, வயல் நன்றாகக் காய்ந்திருந்தது. அறுக்கும் மெஷின் மறுநாள் விடிந்ததும் வருவதாகப் பேச்சு. எங்கள் ஊரில் அந்த நாள் கிடைப்பது கல்யாண மண்டபம் கிடைப்பதைவிடக் கஷ்டம். விட்டால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும், எப்போது திரும்பும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. டிவியில் மழை என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வயல் கோவிந்தராசு சித்தப்பாவுடையது. மெஷினுக்கு எனக்கு அடுத்த முறை அவருக்கு. அந்தப் போகம் முழுக்க நான் ஒருத்தியாய் நின்று பார்த்த பயிர் அது. நல்லபடியாகக் கரையேற்றி என் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

அன்று மாலை யாழினி அழுதுகொண்டே வந்தாள்.

"மிஸ் என்ன டான்ஸ்லேருந்து எடுத்துட்டாங்கம்மா. நீ குரூப்ல பதிலே போடலயாம்."

பள்ளி ஆண்டு விழாவில் அறுவடை நடனம். கையில் தெர்மாகோல் அரிவாளோடு ஆட வேண்டும். என்ன உடுப்பு, என்ன வளையல், சம்மதமா என்றெல்லாம் குரூப்பில் படமாக அனுப்பியிருக்கிறார்கள். என் போனில் படம் இறங்கவில்லை. ரோஜாப்பூக்கள் நகரவில்லை.

"அழாத. இப்பவே பேசுறேன்" என்றேன். போனை எடுத்தால் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. சார்ஜ் போட்டு, உயிர் வந்ததும், வழக்கம்போல் "மோட்டார்" என்பதைத் தொட்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அப்போது நடந்திருந்தது. அணைந்து எழுந்ததில் போனுக்குக் குணமாகிவிட்டது. கீழே விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக, தொட்ட பெயருக்கே போனது.

இரண்டு ரிங். கட்.

மிஸ் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நியாயம்தானே? மறுபடி அழைத்தேன். இரண்டு ரிங். கட். வாயைத் திறக்கக்கூட விடாமல் இப்படிக் கட் பண்ணுகிறாரே என்று புலம்பினேன். ஆனால் நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. கடையில் "கண்ணாடியே வேண்டாம்" என்று வருகிறவர்களுக்கே ஃபிரேம் விற்றவள். குழம்பைக் கிண்டிக்கொண்டே அழைத்தேன். துணி மடித்துக்கொண்டே அழைத்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒற்றைப்படை என்று மட்டும் பிறகு தெரியவந்தது. இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. பிடிவாதத்திலும் நான் அரைகுறைதான்.

கடைசியில், பேசத்தானே விடமாட்டார், படிக்காமலா போவார் என்று, அதே பெயரிலிருந்து ஒரு மெசேஜ் அடித்தேன்.

"வணக்கம் மிஸ். யாழினி அம்மா. நீங்க கட் பண்றதுல தப்பே இல்ல. தப்பு முழுக்க என் மேலதான். உங்க பொறுமைய நான் ரொம்ப சோதிச்சிட்டேன். புள்ள முகத்துக்காக மனசு இரங்குங்க."

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"மிஸ், நீங்க எங்க குடும்பத்துக்குத் தெய்வம் மாதிரி."

அதற்கும் பதில் இல்லை. படித்தவர்களுக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று யாழினியிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் வயலுக்குப் போனேன். மெஷின் எனக்கு முன்பே வந்து ரோட்டோரம் நின்றிருந்தது. டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன். வரப்பில் நின்று என் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இது அறுக்கவா, நடவா?"

எட்டிப் பார்த்தேன். முற்றிய சம்பா கணுக்கால் தண்ணீரில் நின்றது.

"எறக்குப்பா, கொஞ்சம் ஈரந்தானே" என்றேன்.

"டயர் வண்டிக்கா. உள்ள விட்டா அடுத்த போகத்துக்குத்தான் வெளிய வரும்."

அதற்குள் கோவிந்தராசு சித்தப்பாவும் வந்துவிட்டார். என் வயலில் நிறைந்த தண்ணீர் மடை தாண்டி அவர் வயலின் ஒரு மூலையையும் நனைத்திருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். ஏனென்றால் அவருடைய போர்வெல்லும் என்னுடையதும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் விடும். அந்த வாய்க்காலிலிருந்துதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டும் தண்ணிக்குள்ளேயே இருக்கிற மோட்டார். ஓடினால் சத்தமும் வராது.

"ஏன் சித்தப்பா, அறுப்புக்கு நிக்கிற வயல்ல தண்ணிய விட்டிருக்கீங்களே, இது அடுக்குமா? ஆம்பள இல்லாத வீடுன்னுதானே?"

அவர் திகைத்துப் போனார். "நானாம்மா? நான் மோட்டார் கொட்டாயத் தொறந்தே பத்து நாளாவுது."

"பின்ன என் மோட்டாரா? நான் சுவிட்சையே தொடல! இருங்க, போட்டோ எடுக்குறேன். ஊர்ல நாலு பேரு பாக்கட்டும்."

போனை எடுத்தேன். படம் எடுக்க இடமில்லை என்றது. ஆத்திரத்தில் அங்கேயே நின்று ரோஜாப்பூக்களை அழிக்க ஆரம்பித்தேன். மொத்தமாக ஒரு தோட்டத்தையே அழித்திருப்பேன். போன் மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

டிங். டிங். டிங். டிங்.

உள்ளே வர இடமில்லாமல் ராத்திரி முழுக்க வாசலில் நின்ற மெசேஜ்கள். நிற்கவே இல்லை. டிரைவர் பையன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா அது, படியேன்" என்றார் சித்தப்பா.

நான் படிக்கவில்லை. பையன் படித்தான், சத்தமாக.

"மோட்டார் ஓடத் தொடங்கியது. மோட்டார் நின்றது. மோட்டார் ஓடத் தொடங்கியது. மோட்டார் நின்றது..." கோயில் அர்ச்சனைபோல் அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக, "மோட்டார் ஓடத் தொடங்கியது" என்று முடிந்தது. "இன்னும் ரெண்டு இருக்குக்கா" என்று திரையை நகர்த்தினான். என் மெசேஜ்களையும் விடாமல் படித்தான்.

"புள்ள முகத்துக்காக மனசு இரங்குங்க."

அதற்கு மோட்டாரின் பதில்: "தவறான கட்டளை. மீண்டும் முயற்சிக்கவும்."

"மிஸ், நீங்க எங்க குடும்பத்துக்குத் தெய்வம் மாதிரி."

"தவறான கட்டளை. மீண்டும் முயற்சிக்கவும்."

சித்தப்பா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் பூமியும் அப்போது சேறாகத்தான் இருந்தது.

"மொதல்ல நிறுத்தும்மா அத. இன்னும் ஓடுதுல்ல" என்றார்.

கொட்டகைச் சாவி வீட்டில். பதற்றத்தில் போனைப் பையனிடமிருந்து பிடுங்கியதில் அது நழுவி வரப்பில் விழுந்தது. துடைத்து எடுத்தேன். இந்த முறை தெளிவாக இருந்தேன். போன்தான் குணமாகிவிட்டதே. மோட்டாருக்கு "மோட்டார்" என்பதையே தொட்டேன். விழுந்ததில் பழைய வியாதி திரும்பிவிட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ரிங் போனது. இரண்டாவது தாண்டி மூன்றாவது அடித்தது. கட் ஆகவில்லை.

"நின்னு தொலையேன் சனியனே!" என்று கத்தினேன். "ராத்திரி பூரா என் உசுர வாங்குனது பத்தாதா? உன்னக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!"

"ஹலோ?" என்றது ஒரு தூக்கக் குரல். "யாழினி அம்மாவா?"

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புதான் இருந்தது.

"நான் மோகனா மிஸ் பேசுறேன். நேத்தெல்லாம் உங்ககிட்டேருந்து ஒரு போனாவது வரும்னு பாத்தேன்..." என்றார். பிறகு, மிகவும் மெதுவாக, "வீட்ல ஏதும் பிரச்சினைங்களா?" என்றார்.

போனைக் கட் பண்ணிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கைச் சிந்தி அழுதேன். என் மகள் மேடையில் தெர்மாகோல் அரிவாளால் அறுக்க வேண்டும் என்பதற்காக, நிஜ வயலை நானே மூழ்கடித்துவிட்டேன். போகம் முழுக்கப் பட்ட பாடு கண்முன்னால் தண்ணீரில் நின்றது. தோஹாவில் இருக்கிறவரிடம் என்ன சொல்வேன்?

சித்தப்பா டிரைவர் பையனை என் கொட்டகைப் பூட்டை உடைத்து மோட்டாரை நிறுத்தச் சொன்னார். மண்வெட்டியை எடுத்து என் வயல் வரப்பை வடிகால் பக்கம் வெட்டிவிட்டார். பிறகு ரோட்டில் நின்று யார் யாருக்கோ போன் போட்டார். (அவர் வைத்திருப்பது பட்டன் போன். கூப்பிட்டால் கூப்பிட்ட ஆளுக்கே போகும்.) சேற்றில் இறங்கும் பெல்ட் மெஷின் ஒன்றைத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பேசிப் பிடித்தார். அது வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. ஒரு பக்கம் பயிர் படுத்து, கொஞ்சம் முளையும் விட்டுவிட்டது. மீதி வீடு வந்து சேர்ந்தது. சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அந்த மோட்டார்கிட்ட கேட்ட மாதிரியே நல்லா கேளும்மா" என்றார். அவ்வளவுதான் அவருடைய தண்டனை.

யாழினிக்கு டான்ஸில் முதல் வரிசையே கிடைத்தது. அம்மா பாவம், ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறார் என்று மோகனா மிஸ் எல்லா மிஸ்களிடமும் சொல்லியிருந்தார். ஆண்டு விழாவில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க" என்றார்கள். நான் தைரியமாகத்தான் இருந்தேன். முகத்தைத்தான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. "படிடீ" என்றால், "தவறான கட்டளை. மீண்டும் முயற்சிக்கவும்" என்கிறாள் யாழினி. தோஹாவிலிருந்து அவரும் அதையே சொல்வார். சித்தப்பா வீட்டுக் கோழியை விரட்டினால்கூட அந்தப் பக்கமிருந்து அதுதான் வரும்.

அடுத்த சம்பா அறுப்பு நெருங்கியபோது என் வீட்டுக்காரர் போன் செய்தார். இந்த வருஷமும் லீவு கிடைக்காது போலிருக்கிறது, மன்னிச்சுக்க என்று இழுத்தார்.

"தவறான கட்டளை. மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு நாளில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. திறக்கவில்லை. இடமில்லை. காலை வணக்க ரோஜாவாக இருக்கும், சமாதானத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். கோபத்தில் பேசவும் இல்லை.

அறுப்பன்று காலை வயலுக்குக் கிளம்புகிறேன். பெட்டியோடு வாசலில் நிற்கிறார்.

"டிக்கெட்ட போட்டோ புடிச்சு அனுப்புனேனே, நீ பாக்கவே இல்லியா?"