கதாநாயகி வேலை செய்யவில்லை

சுதந்திரம் என்ற சரக்கை மனித குலத்துக்கு முதன்முதலாகச் சரியான அளவில் பொட்டலம் கட்டிக் கொடுத்தது எங்கள் நிறுவனம்தான். மற்றவர்கள் அதற்காகப் போராடினார்கள், சிறைக்குப் போனார்கள், கவிதை எழுதினார்கள். நாங்கள் எண்ணிக் கொடுத்தோம். ஒரு விளையாட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சுதந்திரம். ஒன்று குறைந்தாலும் திருப்பித் தரலாம்.

எங்கள் தயாரிப்பின் பெயர் 'வயது வந்தோருக்கான விஷுவல் நாவல்'. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெண்ணின் படம் வரும். கீழே வசனம் வரும். அவ்வப்போது கதை நின்று, 'இப்போது என்ன செய்வீர்கள்?' என்று ஆட்டக்காரரை மரியாதையாகக் கேட்கும். மூன்று பட்டன்கள். அவளுக்குப் பூ கொடுக்கலாம், அவளுடைய வேலையைப் பற்றி விசாரிக்கலாம், அல்லது சும்மா சிரித்து வைக்கலாம். எதை அழுத்தினாலும் கதை சுற்றிச் சுற்றி அதே படுக்கையறைக் கதவுக்கு வந்து சேரும். இதை எங்கள் விளம்பரம் 'உங்கள் முடிவே கதையின் முடிவு' என்று வர்ணித்தது.

அப்படி மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பட்டன்கள். அவற்றுக்குப் பொறுப்பு நான். பதவி, 'முதுநிலைத் தேர்வு வடிவமைப்பாளர்'. நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். வாடிக்கையாளர் முன்னால் முப்பது துணிகளை விரித்துப் போட்டு, நாம் காலையிலேயே தீர்மானித்த ஒன்றை அவரே கண்டுபிடித்ததாக மகிழ வைப்பது என் அப்பாவின் கலை. "வேண்டாம்" என்று எழுந்தவரிடம், "எந்தக் கலர் வேண்டாம்?" என்று கேட்டு மறுபடி உட்கார வைத்துவிடுவார். நேர்முகத் தேர்வில் இதை நான் சொன்னபோது எம்.டி. நாற்காலியை விட்டு எழுந்து கை குலுக்கினார்.

பாத்திர வளர்ச்சியிலும் நாங்கள் முன்னோடிகள். மற்ற எழுத்தாளர்கள் தங்கள் பாத்திரம் வளர்ந்ததா இல்லையா என்று விமர்சகர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. திரையின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பூவுக்கு ஐந்து புள்ளி. விசாரிப்புக்கு மூன்று. அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருந்தால் எட்டு. அரிய செயல் என்பதால் நான்தான் அள்ளிக் கொடுத்தேன். நூறு வந்தால் பெண் முழு வளர்ச்சி அடைந்துவிட்டாள் என்று பொருள். கதவு திறக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எங்கள் வசனகர்த்தா ஐந்தாவது விளையாட்டை எழுத ஆரம்பிக்கும் வரை.

அந்தப் பெண்ணை அலுவலகத்தில் எல்லோரும் 'வசனம்' என்றே கூப்பிடுவோம். ஆறு வருடங்களில் நான்கு விளையாட்டுகள் எழுதியவர். ஒன்றிலும் அவர் பெயர் வந்ததில்லை. ஐந்தாவதில் முதல் திரையிலேயே பெயர் போடுவதாக எம்.டி. வாக்குக் கொடுத்தார். அந்த உற்சாகத்தில் வசனம் வரம்பு மீறிவிட்டார். கதாநாயகி லிஃப்ட் மெக்கானிக், வயது முப்பத்து நான்கு என்று எங்கள் குறிப்பு சொன்னது. அத்தோடு விட்டிருக்கலாம். இவர் நிஜமான லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்து, மொட்டைமாடி மோட்டார் ரூமில் எட்டு மாதம் போய் உட்கார்ந்து, கம்பிவடத்தை எப்போது மாற்ற வேண்டும், கிரீஸ் கறை எந்தச் சோப்புக்குப் போகும் என்றெல்லாம் குறிப்பெடுத்தார். விளைவு, கதாநாயகி பேச ஆரம்பித்தாள். ஜோக் அடித்தாள். கோபம் வந்தால் ஸ்பேனரை மிக மெதுவாகக் கீழே வைத்தாள்.

முப்பத்தோராம் காட்சி. ஆட்டக்காரர் நூறு புள்ளிகளோடு வந்து கதவைத் தட்டுகிறார். அவள் திறந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்று சொல்கிறாள்: "உங்ககூடப் பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இது வேண்டாம். கோவிச்சுக்காம போயிட்டு வாங்க." கதவு சாத்திக்கொள்கிறது. கதை முடிந்தது.

தாளில் அதைப் படித்துவிட்டு, டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நிறுவனத்தின் நலன் கருதி இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது.

"யாரும்மா இவளை வேண்டாம்னு சொல்லச் சொன்னது?" என்று வசனத்தைக் கேட்டார் எம்.டி.

"யாரும் சொல்லலை சார். அவளாத்தான் சொன்னா."

"அவளாவா? எழுதறது நீதானே?"

"நான்தான். மூணு தடவை சரின்னு எழுதிப் பாத்தேன். அவ வாயில அது நிக்கலை சார்."

எம்.டி. என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, அவளுக்கு மறுக்கற உரிமை ஏதாவது கொடுத்திருக்கோமா?"

"கோப்பைப் பாத்தேன் சார். அப்படி எதுவும் இல்லை. ஆனா அவ கற்பனை."

"கற்பனைக்கே இவ்வளவு திமிரா?"

ஓவியர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். "சார், இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. வேண்டாம்னு சொல்ற முகம் நம்மகிட்ட இல்லை. வெட்கம் மட்டும் இருபத்திரண்டு வகை வரைஞ்சு வெச்சிருக்கேன். மறுப்பு ஒண்ணுகூட இல்லை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"அப்ப இந்தக் காட்சிக்கு என்ன போட்டிருக்கே?"

"வெட்கம் பதினேழு. புருவத்தை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி விட்டேன்."

வசனம் மெல்லிய குரலில் கேட்டார்: "சார், முதல் திரையில 'வயது வந்தோருக்கு மட்டும்'னு போடறோமே. வேண்டாம்ங்கற ஒரு வார்த்தையைத் தாங்க முடியாதவருக்கு வயசு எப்படி சார் வந்துச்சு?"

கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இதை, 'பயனுள்ள கருத்துகள் பரிமாறப்பட்டன' என்று பதிவு செய்தேன்.

நாங்கள் ஜனநாயகவாதிகள். எனவே பத்துப் பேரை அழைத்து விளையாட விட்டோம். கதவு சாத்திய பிறகு அழுத்துவதற்கு மூன்று பட்டன்கள் செய்து கொடுத்தேன்: 'சரி, வருகிறேன்', 'காரணம் கேள்', 'மீண்டும் தட்டு'. ஒருவர் அறுபத்து மூன்று முறை தட்டினார். இன்னொருவர் கதையின் தொடக்கத்துக்கே திரும்பிப் போய் நாற்பத்தோரு பூக்களைக் கொடுத்துவிட்டு வந்து தட்டினார். மொத்தம் எட்டுப் பேர் பிழை அறிக்கை அனுப்பினார்கள். அது எங்கள் பதிவேட்டில் இப்படி ஏறியது: 'பிழை எண் இருநூற்றுப் பத்தொன்பது. கதாநாயகி வேலை செய்யவில்லை. தீவிரம்: மிக அதிகம். பிழையை மறுபடி காணும் வழி: கதவருகே செல்லவும். பொறுப்பு: வசனம். கெடு: வெள்ளிக்கிழமை.'

ஒன்பதாமவர் தூங்கிவிட்டார். பத்தாமவர் ஒரு பஸ் டிரைவர். 'சரி, வருகிறேன்' என்பதை அழுத்திவிட்டு, கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார்: "நல்ல பொண்ணு. ஏழாம் மாடி லிஃப்டுல ஒரு சத்தம் வந்துச்சே, அது சரியாச்சா?"

எம்.டி. தீர்ப்புச் சொன்னார்: "இங்க பாரும்மா. பேர் வேணுமா, அந்த 'வேண்டாம்' வேணுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

வியாழக்கிழமை மத்தியானம் வசனம் என் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, ஆறு வருஷம். ஒரு தடவையாவது என் பேரை நான் பாக்கணும்."

"பேர் வந்தா வீட்ல அம்மாகிட்டக் காட்டுவியா?"

"செத்தாலும் காட்ட மாட்டேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆனா வரணும்."

"அப்ப மாத்தி எழுதிடேன்ம்மா. ஒரு வார்த்தைதானே."

"அவரும் அதையேதான் சொல்றாரு. ஒரு வார்த்தைதானேன்னா, இருந்துட்டுப் போகட்டுமே அண்ணே."

இரண்டு பக்கமும் இறங்கி வராத இடத்தில்தான் எங்கள் பரம்பரைக்கு மூளை வேலை செய்யும். வெள்ளிக்கிழமை காலை என் திட்டத்தைச் சமர்ப்பித்தேன். மறுப்பை எடுக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். அமைப்புகள் பக்கத்தில், ஒலி அளவுக்கும் எழுத்தின் அளவுக்கும் கீழே, ஒரு ஸ்விட்ச். 'கதாநாயகியின் மறுப்பு: ஆன் / ஆஃப்.' அவள் மறுக்கலாமா கூடாதா என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்துகொள்ளட்டும்!

எம்.டி.யின் கண்கள் கலங்கிவிட்டன. "இதுதான்யா சுதந்திரம்! அவ சுதந்திரத்தையும் சேர்த்து நாம அவருக்கே கொடுத்துட்டோம்!"

வசனம் ஒரு கேள்விதான் கேட்டார். "வாங்கிப் போட்டதும் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கும்?"

"ஆஃப்ல" என்றேன். "பெரும்பான்மையோர் வசதிக்காக."

"சரி. அப்ப என் பேரையும் அதே ஸ்விட்ச்ல மாட்டுங்க. ஆன் பண்ணா எழுதினது நான். ஆஃப்ல இருந்தா எழுதினது சார்."

எம்.டி. மேஜையைத் தட்டி, அந்த நிமிடமே ஒப்புக்கொண்டார். ஓவியர் மட்டும் யாரையும் கவனிக்காமல் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த வசனத்தின் முகம். கீழே, 'மறுப்பு ஒன்று'.

விளையாட்டு அமோகமாக ஓடியது. ஆட்டக்காரர் உரிமைக்கான சங்கம் ஒன்று எங்களுக்கு விருது வழங்கியது. எம்.டி. மேடையேறி, ஓர் எழுத்தாளன் பெண் மனதின் ஆழத்துக்குப் போவது எவ்வளவு வேதனை என்று இருபது நிமிடம் பேசினார். லிஃப்ட் கம்பிவடத்தைத் 'தாம்புக் கயிறு' என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

வசனம் இப்போது எங்களிடம் இல்லை. ஒரு லிஃப்ட் கம்பெனிக்குப் பராமரிப்புக் கையேடு எழுதுகிறார். அங்கேயும் பெயர் வராது. ஆனால் 'கதவைத் திறக்காதீர்' என்று எழுதினால் யாரும் திருத்தச் சொல்வதில்லையாம். போன வாரம் போன் செய்தார்.

"அண்ணே, உங்களுக்குத்தான் எல்லாக் கணக்கும் வருமே. எத்தனை பேர் அதை ஆன் பண்ணாங்க?"

எங்களிடம் ஒவ்வொரு பட்டனின் ஒவ்வொரு அழுத்தலும் பதிவாகும். ஒளிக்க முடியாது.

"பதினொண்ணும்மா."

"ஆயிரமா?"

"ஆளு."

"ஆளா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு குரல் திடீரென்று பிரகாசமானது. "பதினொண்ணா... இருங்க, இருங்க. நான் ஒருத்தி. ஓவியர் ஒருத்தர், அவரே சொன்னாரு. நீங்க ஒருத்தர். அப்படின்னா முன்பின் தெரியாதவங்க எட்டுப் பேர் என் பேரைப் படிச்சிருக்காங்க! போதும் அண்ணே. நல்லா இருக்கு."

"நல்லதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். யார் எதை அழுத்தினார், யார் அழுத்தவில்லை என்பதை, அது நானே ஆனாலும், வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் நிறுவனத்தின் புனிதமான விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. இல்லாவிட்டால் அந்தக் கணக்கைத் திருத்தியிருப்பேன். முன்பின் தெரியாதவர்கள் எட்டுப் பேர் அல்ல, ஒன்பது பேர்.