சீட்டு புடிச்ச கட்டப்பை

அது கெடக்குது வுடு ராணி! உன் மருமவ பஸ்ஸுல கொடைய வுட்டுட்டு வந்துட்டாளாம், அதுக்கு நேத்துலேர்ந்து வூட்ல சண்டையா? கொடைதான போச்சு! நான் மெட்ராஸுல பண்ணதக் கேளு. அப்புறம் அவளத் திட்டவே உனக்கு வாய் வராது.

எம் பொண்ணு செல்விக்கு அப்ப ஏழாம் மாசம். வளகாப்பு மாப்ள வூட்ல, வடபழனியில. தாய் வூட்டு பொடவையும் வளையலும் நாங்கதான் எடுத்துக்கினு போவணும். ராகு காலம் பொறக்கறதுக்குள்ள வளையல் போட்டுடணும்னு சம்பந்தியம்மா கறாரா சொல்லிட்டாங்க. (நல்ல அம்மாதான். ஆனா சொன்னா சொன்னதுதான்.) பட்டுப் பொடவைக்குள்ள கண்ணாடி வளையல சுத்தி, கட்டப்பையில வச்சு, வெள்ளிமலையிலேர்ந்து மடியிலயே வச்சுக்கினு போனேன். மலை ரோட்டுல ஒவ்வொரு வளைவுக்கும் வளையல் கிலுங்கும், நான் பைய இன்னும் இறுக்கிப் புடிச்சுக்குவேன்.

முந்தின நாளே மாப்ள போன்ல வெவரமா சொல்லியிருந்தாரு. "அத்தை, ரெண்டே நாளுதான் இருக்கப் போறீங்க. தனித்தனியா டிக்கெட் எடுக்காதீங்க. போன்லயே ஒரு டிக்கெட் வரும், பஸ்ஸு, ரயிலு, மெட்ரோ மூணுத்துக்கும் அதக் காட்டுனா போதும். இல்லன்னா மெட்ரோவுக்கு மட்டும் கார்டு வாங்கிக்கங்க. அதுவும் வேணாம்னா ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, நடுவுல எறங்கி, மாறி..." நான் எல்லாத்துக்கும் "சரிங்க மாப்ள, சரிங்க மாப்ள"ன்னேன். போன வச்சதும் எங்க வூட்டுக்காரரு, "இன்னா சொன்னாரு?"ன்னாரு.

"வரச் சொன்னாரு"ன்னேன். வேற இன்னா சொல்றது?

மெட்ராஸுல போய் எறங்குனா, இந்தப் பக்கம் பஸ்ஸு, அந்தப் பக்கம் ரயிலு, நடுவுல நாங்க ரெண்டு பேரும் திருவிழாவுல தொலைஞ்ச புள்ளைங்க மாதிரி. எங்க வூட்டுக்காரரு பட்டன் போன ஒரு பொண்ணு கிட்ட நீட்டி, "மூணுத்துக்கும் ஒரே டிக்கெட்டாம், வர வைம்மா"ன்னாரு. அது சிரிச்சுட்டு, "தாத்தா, இதுல கால் மட்டும்தான் வரும்"ன்னு பூடுச்சு.

"ரோஸு பஸ்ஸுல போலாம் வாங்க, பொம்பளைக்கு ஓசி"ன்னேன் நான்.

"உனுக்கு ஓசி. எனுக்கு? நீ மகாராணி மாதிரி ஓசியில ஒக்காருவ, நான் பக்கத்துல டிக்கெட் எடுத்துக்கினு நிக்கணுமா? ரயிலுன்னா ரெண்டு பேரும் ஒண்ணு!"ன்னுட்டு ரயிலு டிக்கெட் வரிசையில போய் நின்னுட்டாரு.

அந்த நேரம் பாத்து வடபழனி போற ரோஸு பஸ்ஸு வந்துச்சு. கும்பல் வுழுந்து ஓடுது. கை சும்மா இருக்குமா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல சந்தை அன்னிக்கு நம்ம பஸ்ஸு திரும்பறப்பவே இன்னா பண்ணுவோம்? ஜன்னல்ல துண்டு, பை, கீரைக்கட்டு, எது கெடைக்குதோ அதப் போட்டு சீட்டு புடிப்போம். பை மேல ஒருத்தன் ஒக்காருவானா? பைக்காரி ஏறாம நம்ம கண்டக்டரு வுசிலுதான் அடிப்பாரா? நானும் அதே நெனப்புல ஜன்னல் வழியா கட்டப்பைய சீட்டுல பதமா வச்சுட்டு, நிம்மதியா எங்க வூட்டுக்காரர கூப்புடப் போனேன்.

திரும்பி வந்தா பஸ்ஸு இல்ல. ரோஸு பஸ்ஸு மட்டும் நாலு நிக்குது, என்னுது இல்ல.

அடுத்த வடபழனி பஸ்ஸுல பாஞ்சு ஏறிட்டேன். "ஏ புள்ள, டிக்கெட் எடுத்துட்டேன்டி!"ன்னு ரெண்டு ரயிலு டிக்கெட்ட ஆட்டிக்கினே அவரும் ஓடியாந்து தொத்திக்கினாரு. (மறுக்கா பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்தாரு. எனுக்கு ஓசி.)

கண்டக்டரு கேக்கறாரு, "எந்த பஸ்ஸு ஆயா?"

"ரோஸு பஸ்ஸுப்பா."

"இதுவும் ரோஸுதான். நம்பரு?"

"நம்பரெல்லாம் யாருப்பா படிச்சா? முன்னாடி எலுமிச்சங்கா தொங்குச்சு."

"எல்லாத்துலயும் தொங்குது. டிரைவரு எப்டி இருந்தாரு?"

"மீசை வச்சிருந்தாரு."

பஸ்ஸே சிரிக்குது. எனக்கு அழுவை வருது. தாய் வூட்லேர்ந்து வெறுங்கையோட போய் நின்னா சபையில எம் பொண்ணு மூஞ்சி இன்னாவாவும்? எங்க வூட்டுக்காரரு வேற காதாண்ட, "ரயில்லயே போயிருக்கலாம், ரயில்லயே போயிருக்கலாம்"னு மந்திரம் சொல்றாரு.

"அழுவாத ஆயா, வடபழனிதான் அந்த பஸ்ஸுக்கும் கடைசி. டைம் ஆபீஸ்ல போய்க் கேளு"ன்னாரு கண்டக்டரு.

போனேன். அங்க பெஞ்சுல என் பை ஒக்காந்துக்கினு இருக்குது ராணி! அத அணைச்சுக்கினு ஒரு பொம்பள. என்னப் பாத்ததும் எகிறுறா.

"ஏம்மா, சீட்டு புடிச்சா வந்து ஒக்கார மாட்டியா? நிக்கக் கூட எடமில்ல, உன் பை ஜம்முனு ஒக்காந்து வருது! 'ஆளு வராங்க, ஒக்காராத'ன்னு எத்தினி பேரு கிட்ட நான் சண்டை போட்டேன் தெரியுமா? கண்டக்டரு பைக்கு டிக்கெட் கேக்கறாரு!"

"நீ எந்த ஊரும்மா?"ன்னேன்.

"சங்கராபுரம்!"

அதான! அவளும் நம்ம கள்ளக்குறிச்சி சந்தைக்கு வரவதான், வேற ஊர்க்காரிக்கு அந்த மருவாதி தெரியுமா? அவ கையப் புடிச்சு, "வா, நீயும் ஒரு வளையல் போட்டுட்டுத்தான் போவணும்"னு இழுத்துக்கினு ஓடுனேன். ராகு காலத்துக்கு மின்னாடியே போய்ச் சேந்துட்டோம். ஒரு வளையல் கூட ஒடையல. சம்பந்தியம்மா, "இவங்க யாரு?"ன்னாங்க. "எங்க ஊர்ப் பக்கம்"னேன். பொய்யா?

அப்ப செல்வி வயித்துல இருந்த புள்ள இப்ப இஸ்கூலு போவுது. இன்னும் நாங்க மெட்ராஸு கெளம்பறோம்னு சொன்னா போதும், மாப்ள போன்ல சொல்லுவாரு: "டிக்கெட்டெல்லாம் எதுக்கு அத்தை? பைய மட்டும் ஏத்தி வுடுங்க, அது நேரத்துக்கு வந்துரும். நீங்க பொறுமையா வாங்க." அந்த ரெண்டு ரயிலு டிக்கெட்டும் இன்னும் எங்க வூட்டு சாமி படத்துக்குப் பின்னாடி இருக்குது, எனக்கும் அவருக்கும் சண்டை வந்தா எடுத்துக் காட்டுவாரு...

ஏய்! சூ, சூ! ஐயோ, காயப் போட்ட சாமையெல்லாம் கோழி கெளறுதே! இரு ராணி, தொரத்திட்டு ஓடியாறேன். இந்தா, என் எடத்துல மொறத்த வச்சுட்டுப் போறேன், யாரையும் ஒக்கார வுடாத!