துண்டுக்குள் போன வெற்றிலை

சங்கரன்கோவில்,
விஜய வருஷம் ஆவணி 21, ஞாயிறு.

புளியங்குடி எலுமிச்சைத் தோட்டம் சம்பந்தி சங்கரராமன் அண்ணாச்சி சமூகத்துக்கு, ஆறுமுகச்சாமி சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஞானபூரணம் டீச்சர் எழுதும் கடிதம். இவ்விடம் நானும் என் வீட்டில் பார்வதியம்மாளும் பேத்தி சங்கரேஸ்வரியும் மாடுகளும் சுகம். என் வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் இப்போது என் வாயில் இல்லை. அவ்விடம் தாங்களும் மாப்பிள்ளை குற்றாலநாதனும் சுகமாக இருக்க வேண்டியது.

போன ஆவணி பன்னிரண்டு வெள்ளிக்கிழமை என் வீட்டில் நடந்த பேத்தியின் நிச்சயதார்த்தத்தில், தாம்பூலம் மாற்றியதும் சபையில் வைத்து வெற்றிலையை நான் மெல்லாமல் துண்டுக்குள் தள்ளினேன் அல்லவா, அதைத் தாங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். பாராமல் இருந்தால் வாயில் கையை வைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் 'ம், ம்' என்று மட்டும் சொல்லி, பந்தியில் உட்காராமல் நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பீர்களா? நம்ம ரெண்டு வீட்டிலும் தாம்பூலம் மாற்றிய பெரியவர்கள் அங்கேயே ஒரு வாய் போட்டு மென்றால்தான் பேச்சு முடிந்ததாக வழக்கம். என் சித்தப்பா மகள் நிச்சயத்தில், நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், மாப்பிள்ளையின் பெரியப்பா பாக்கை மெல்லாமல் மடியில் முடிந்துகொண்டு போனார். மூன்றாம் நாள் அந்தக் கல்யாணம் நின்றது. அவர் கட்டியிருந்த வேட்டிக்குப் பச்சைக் கரை. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. முகூர்த்த நாள் குறித்து மறுவாரமே ஆள் அனுப்புகிறேன் என்றீர்கள். ஒன்பது நாளாயிற்று, ஆள் இல்லை. சங்கரேஸ்வரி ஒன்றும் கேட்பதில்லை, பஸ் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு வந்து கோலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். பார்வதியம்மாளோ, "ஒரு பல்லுக்காவப் புள்ள வாழ்க்கையக் கெடுத்தீகளே" என்று மூன்று வேளையும் சொல்லுகிறாள், நான் பல்லைப் பிடுங்கியதே அந்த வெற்றிலையை ஒழுங்காக மெல்ல வேண்டும் என்றுதான் என்பதை ஒரு வேளையாவது நினைக்க மாட்டேன் என்கிறாள்.

நடந்ததைச் சொல்லுகிறேன். அந்தப் பல் ஆடிமாசக் கடைசியில் வலிக்க ஆரம்பித்தது. கோவில் புற்றுமண்ணைக் குழைத்துக் கன்னத்தில் போட்டேன், வலி நின்றது, ரெண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்தது. கிராம்பு வைத்தேன். பிறகு பல்லில் பூச்சி இருந்தால் செத்து விழும் என்று கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுச் சிரட்டையால் மூடி, பப்பாளித் தண்டு வழியாகப் புகையை வாய்க்குள் இழுத்தேன். பூச்சி விழவில்லை, இருமலில் நான்தான் விழுந்தேன். வீட்டில் பருத்தி அம்பாரம் கிடக்கிறது தங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு மகபூப் பீவி புகையைக் கண்டு பருத்திதான் பற்றிக்கொண்டது என்று ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் தலையில் கொட்டிவிட்டு, "தீ எங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள். "என் பல்லுக்குள்ள இருக்குத் தாயி" என்றேன். "அதுக்கு இம்புட்டுத் தண்ணி எதுக்கு? டாக்டர்ட்டப் போங்க" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். இப்படியே போனால் சபையில் சம்பந்தி முன்னால் பாக்கைக் கடித்துவிட்டு 'ஐயோ அம்மா' என்று அலறப்போகிறோம் என்ற பயத்தில்தான் பிடுங்கத் துணிந்தேன்.

பிடுங்கிய பிறகு கொஞ்ச நாள் எதையும் கடிக்கக் கூடாது என்று சொன்னார்களே என்று, பிடுங்கப் போவதற்கு முந்தின நாளே இடது பக்கமாக முறுக்கு, வறுத்த கடலை, ஒரு துண்டுக் கருப்பட்டி எல்லாம் தின்று தீர்த்தேன். "அண்ணாச்சி, தின்னதெல்லாம் வேண்டாம், விஷயத்துக்கு வாங்க" என்கிறார் டீச்சர். வந்துகொண்டுதான் இருக்கிறேன். புதன்கிழமை காலையில் டாக்டர் ராஜதுரையிடம் போனேன். தங்கமான மனுஷன். ஊசி போட்டுவிட்டுக் குறடை எடுத்தவர் அப்படியே நின்றார். "அண்ணாச்சி, கையை விடுங்க" என்றார். "யார் கையை?" என்றேன். "என் கையத்தான். நான் பல்லப் பிடிக்கணும், நீங்க என்னையப் பிடிச்சிருக்கீகளே" என்றார். விட்டேன். பல் வந்ததே தெரியவில்லை, அவர் காட்டியபோது வேறு யாருடையதோ என்று நினைத்தேன். இத்தனை பெரிய வேரை அறுபத்தெட்டு வயதுவரை வாயில் வைத்துக்கொண்டிருந்தோமே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஞ்சைச் சுருட்டி வைத்து அரைமணி நேரம் கடித்துக்கொள்ளச் சொன்னார். என்னிடம் கடிகாரம் ஏது? உச்சிக்கால மணி கேட்கிறவரை கடித்துக்கொண்டிருந்தேன், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். "கல்யாணமாகி நாப்பத்தெட்டு வருசத்தில இன்னைக்குத்தான் வீடு அமைதியா இருக்கு" என்று பார்வதியம்மாள் மகபூப் பீவியிடம் சொன்னதைக் கேட்டும் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பஞ்சை எடுத்ததும் தாகத்துக்குச் சோடாக் கடைக்குப் போனேன். உதடு மரத்திருந்ததா, குடிக்கிறேன், குடிக்கிறேன், தாகம் அடங்கவில்லை. கடைக்காரன், "வே, சோடா உமக்கா, சட்டைக்கா?" என்றான்.

இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. மறுநாள் கஞ்சி, அதற்கு மறுநாள் குழைந்த சோறு, வலி போயே போய்விட்டது, ராத்திரி குழந்தை மாதிரித் தூங்குகிறேன். டாக்டர் கடைசியில் சொன்ன ஒரு வார்த்தைதான் வினையாயிற்று. "பத்து நாளைக்கு வெத்தல வாயில படக்கூடாது, பட்டாப் புண்ணு சீழ் பிடிக்கும்" என்றார். எண்ணிப் பார்த்தேன், நிச்சயத்துக்கு நடுவில் ஒரே நாள்! சபையில் எழுந்து "எனக்குப் பல் பிடுங்கியிருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் தாத்தா பல் போன கிழவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. வெற்றிலையை வாய்வரை கொண்டுபோய்த் துண்டில் ஒதுக்கி, சும்மா தாடையை அசைத்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தங்கள் தோட்டத்துப் பழத்தில் போட்ட சர்பத்தைக் குடித்தபோது நான் முகத்தைச் சுளித்தது சர்பத்தின் குற்றமல்ல, புளிப்பு குழிக்குள் இறங்கியதுதான். பேத்தியை மனசில் வைத்து மன்னிக்க வேண்டும். நேற்றோடு பத்து நாள் முடிந்தது. எப்போது வரச் சொன்னாலும் வந்து, தங்கள் முன்னால் ஒரு கவுளி வெற்றிலையானாலும் இடது பக்கமாக மென்று காட்டுகிறேன். சாட்சிக்கு அந்தப் பல்லையும் காகிதத்தில் சுருட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அம்பாளும் சுவாமியும் இரண்டு வீட்டுக்கும் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். அவ்விடம் பெரியவர்களுக்கு என் கும்பிடு, மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஆறுமுகச்சாமி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே ரேகை காய்வதற்குள் தங்கள் தோட்டத்துச் செல்வமணி, ஒரு கூடை பழமும் தங்கள் கடிதமுமாகப் பஸ்ஸை விட்டு இறங்கினான். டீச்சர் வாசித்தார். நிச்சயத்துக்கு நாலு நாள் முந்தித்தான் தாங்கள் மதுரையில் புதுப் பல்செட்டு மாட்டிக்கொண்டதும், அது நிற்காமல் ஆடியதும், வெற்றிலையை மென்றால் பல்லும் சேர்ந்து சபையில் விழும் என்று தாங்களும் அதைத் துண்டுக்குள் தள்ளியதும், நான் பார்த்துவிட்டேன், அதனால்தான் சர்பத்தைக் குடித்து முகத்தைச் சுளித்தேன் என்று நினைத்து ஒன்பது நாளாக ஆள் அனுப்பக் கூசியதும் தெரிந்தது. அண்ணாச்சி, நான் ஒன்றும் பார்க்கவில்லை! நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்திய வேட்டிக் கரை ஞாபகம் இருக்கிறவன், அன்றைக்கு என் துண்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆகவே மேலே கண்ட மன்னிப்பு எதுவும் வேண்டியதில்லை. வெற்றிலை மென்று காட்டுகிறேன் என்றதும் வேண்டியதில்லை. கடிதத்துக்குள் சுருட்டி வைத்த பல்லையும் வெளியே எடுத்துவிட்டேன். நீங்கள் குறித்த ஐப்பசி முகூர்த்தம் எங்களுக்குச் சம்மதம். கேட்டதும் சங்கரேஸ்வரி கோலத்தைப் பார்க்கவில்லை, அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். கல்யாணத்துக்கு வெற்றிலை இடிக்கும் சின்ன உரல் ஒன்று வாங்கி வைக்கிறேன். நீங்கள் தனியாக வாங்க வேண்டாம், நம்ம ரெண்டு பேருக்கும் ஒன்று போதும்.