மைனஸ் சாரும் மேலே ஏறிய கோடும்

ஒரு கோடு கீழே இறங்குவதைப் பார்த்துப் பூரித்துப்போகும் மனிதரைத் திண்டுக்கல்லில் மட்டுமல்ல, வேறெங்கும் நான் கண்டதில்லை. அவர்தான் எங்கள் மைனஸ் சார். வடமதுரை ரோட்டில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் லேப் அவர் பொறுப்பு. நான் சேர்ந்து இரண்டு மாதம்தான்; வேலை நிரந்தரமாகவில்லை. அதற்குள் அப்பா எங்கள் ஊர் அகரம் முழுக்க, மகன் மருந்து கண்டுபிடிப்பதாகச் சொல்லிவிட்டிருந்தார்.

அப்போதுதான் அந்தப் புதுக் கருவி வந்து இறங்கியது. கரைசலைக் குழாயில் ஓடவிட்டு, அதில் கலந்திருப்பதைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று காட்டும். வலப்பக்கமென்றால் தாளில் கோடு மேலே ஏறும். இடப்பக்கமென்றால் கீழே இறங்கும். எங்கள் மருந்து இடப்பக்கம். அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் வலப்பக்க இரட்டைப்பிறவி வேலைக்கு ஆகாது. "வலது கால் செருப்ப இடது கால்ல மாட்டிட்டு நடப்பியாலே?" என்பார் சார். கோடு கீழே போனால்தான் அவருக்குச் சிரிப்பே வரும்.

கருவிக்குச் சந்தனம் வைத்த முதலாளி கோட்டைப் பார்த்து வெலவெலத்துவிட்டார்.

"என்னய்யா, அம்புட்டுக் காசு போட்டு வாங்கினா கோடு பாதாளத்துக்குப் போகுது?"

"போகணும்" என்றார் சார்.

"மேல போக வையி. மருந்து வாங்குற பார்ட்டி பார்த்தா என்ன நெனப்பாங்க?"

"பார்ட்டியத் தலகீழா நிக்கச் சொல்லுங்க."

முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கும் அவசரம் எனக்கு. சார் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கோடு வரையும் பெட்டியின் இரண்டு வயரையும் மாற்றி மாட்டிவிட்டேன். விஞ்ஞானம் அம்புட்டுதான் என்று நினைப்பு.

சார் திரும்பி வந்து, அன்று வந்த சரக்கைப் பரிசோதித்தார். கோடு ஜம்மென்று மேலே ஏறியது.

"பூரா வலப்பக்கம்! திருப்பி அனுப்புங்க!"

லாரியில் மூட்டைகள் மறுபடி ஏறின. சரக்கு அனுப்பியவர் போனில் முதலாளியைக் கிழித்தார். நான் வயர் பக்கமே திரும்பாமல் கழுவின குப்பியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். சாருக்கு மட்டும் என்னவோ இடித்தது. கேன்டீனில் ஒரு கரண்டி சீனி வாங்கிக் கரைத்துச் செலுத்தினார். சீனி எப்போதும் வலப்பக்கம்தான் திருப்பும். கோடு மேலே ஏறியாக வேண்டும். விறுவிறுவென்று கீழே இறங்கியது. சார் வயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எவன்யா இதுல கை வச்சவன்? இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்!" என்று, விஷயம் தெரிந்து ஓடிவந்த முதலாளி குதித்தார்.

"நான்தான். தொடைக்கும்போது மாத்தி மாட்டிட்டேன்" என்றார் சார்.

எல்லோர் முன்னாலும் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். முதலாளி போனதும் என் பக்கம் திரும்பி, "வயர நேரா மாட்டுலே" என்றார்.

அந்த மனுஷன் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. வயரைக் கையில் எடுத்தேன். கண்ணில் நீர் கட்டிக்கொண்டதில் எது சிவப்பு, எது கறுப்பு என்று சற்று நேரம் தெரியவில்லை.