ஓசிச் சாப்பாட்டை வரவில் எழுதிய வினை

கணக்குப் படித்த என் மருமகப்பிள்ளைக்கு, தாய்மாமன் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் அக்காவும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நாலு மணிக்குக் கல்லூரி ஆபீசைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் கட்டணச் சலுகை கிடைக்காவிட்டால் என் மகளுக்கு சீட் கிடையாது.

நீ சொல்லிக்கொடுத்த இரட்டைப் பதிவுக் கணக்கை என்னைப்போல எழுத ஆடிட்டர்களே யோசிப்பார்கள். எது வந்தாலும் ரெண்டு இடத்தில் எழுதணும்னு சொன்னாயல்லவா? ஓசியில் வந்ததையும் நான் விடவில்லை. ஓட்டலில் விருந்தாளிகளைக் கொண்டுவிடும் எங்களை மாதிரி கார் டிரைவர்களுக்குப் போடும் இலவசச் சாப்பாடு, விருந்தாளிகளுக்கு உள்ள விலையில் ஒரு பக்கம் வரவு. சாப்பிட்டுவிட்டதால் மறுபக்கம் செலவு. குட்டி சோப்பும் அப்படியே. வரவேற்பறை ஏசியில் உட்கார்ந்ததற்கு ரூம் வாடகை.

இன்றைக்கு கல்லூரியின் சலுகைக் கமிட்டி அதிகாரியம்மா "சம்பளச் சீட்டு போதும் சார்"னுதான் சொன்னாங்க. கமிட்டியே வாயைப் பிளக்கட்டும்னு நான்தான் கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். பிளந்தது. வரவுப் பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்துட்டு, "சார், உங்க வருமானம் எங்க முதல்வர் சம்பளத்தைவிட ஜாஸ்தி"ன்னாங்க. மரியாதையில் எல்லாரும் எழுந்து நின்னாங்கடா! சரி, ஒருத்தர், ஃபேன் போட.

"இது நிஜ வருமானமா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னா நான் ஓசிச் சோறு தின்கிறவன். ஆமான்னா சீட் போச்சு. "ஏறக்குறைய"ன்னேன். மக என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு! "அப்பா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க"ன்னுட்டா. இப்போ உள்ளே அவ தனியா பேசிக்கிட்டிருக்கா, நான் புத்தகத்தோட வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுறேன்.

இதைப் படம் பிடிச்சு போனில் அனுப்புறேன். உடனே வந்து, "மறுபக்கம் செலவும் இருக்கு, ரெண்டும் சமம், கையில் ஒண்ணும் நிக்கலை"ன்னு சொல்லிடு. "மாமா கணக்கில் தப்பே இல்லை"ன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கோ.

அக்காவுக்கு வணக்கம். சொன்ன தேதியில் காசு கொடுக்கிற வாடிக்கையாளர்கள் உனக்கு அமைய வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பி.கு.: வரவேண்டாம் மாப்ளே! மக என்ன சொன்னாளோ, கையெழுத்தாயிடுச்சு. முழுக் கட்டணமும் இலவசம்! சந்தோஷத்தில் பெஞ்சிலேயே அந்தத் தொகையையும் வரவில் ஏத்திட்டேன். கோப்பில் வைக்க நகல் எடுக்கணும்னு அந்தம்மா இப்பத்தான் புத்தகத்தை உள்ளே வாங்கிட்டுப் போறாங்க. ஓடி வா.